ஏ ஷிப்டும் பி ஷிப்டும் பிராக் போன கதை

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். மத்திகிரியில் வாடகை வீடு. நான் ஒரு வால்வு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங், காலை ஆறு மணி ஷிப்ட். கணவர் முருகேசன் வேறொரு கம்பெனியில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பு வெட்டும் சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராமர், மதியம் இரண்டு மணி ஷிப்ட். நான் கிளம்பும்போது அவர் தூங்குவார், அவர் திரும்பும்போது நான் தூங்குவேன். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமிலோ, மத்தூரில் மாமியார் வீட்டிலோ கரைந்துவிடும். நாங்கள் சண்டையே போட்டதில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். சண்டைக்கும் நேரம் வேண்டுமே.

இந்த மே மாதம் புது மெஷின் பயிற்சிக்காக அவருடைய கம்பெனி அவரைச் செக் நாட்டுக்கு மூன்று வாரம் அனுப்பியது. பயணம் உறுதியானதுமே, "ஒரு சனி ஞாயிறு நீயும் வாயேன், பிராக் பாத்துட்டு வரலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. கூடவே பயமும். முழுசாக இரண்டு நாள் ஒன்றாக விழித்திருந்தால், பேச எங்களிடம் ஏதாவது இருக்குமா? ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால்?

விசா பதினெட்டு நாளில் வந்தது. விமான டிக்கெட் போகவர 58,000 ரூபாய். வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரைக்கு டாக்சி ஏறினேன். மத்திகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 78 கிலோமீட்டர், டோலோடு 2,400 ரூபாய். ஓட்டுநர் போனில் தெலுங்கு பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்டியாவா போறீங்க மேடம்?"

"வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார்ண்ணா. ரெண்டு நாள் இருந்துட்டு வந்துருவேன்."

"ரெண்டு நாளுக்கா அவ்ளோ தூரம்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டும்வரை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துபாயில் மாறி, பிராக் நேரப்படி இரவு எட்டுக்கு இறங்கினால், வெளியே நல்ல மாலை வெயில். வாசலில் முருகேசன் நின்றிருந்தார். பேருந்திலும் மெட்ரோவிலும் செல்லும் தொண்ணூறு நிமிட டிக்கெட் ஒன்று உண்டு. ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லையென்றால் அபராதம். பஸ் ஏறியதும் கேட்டார், "பிளைட் எப்படி?" "பரவால்ல." "சாப்பிட்டியா?" "ம்." அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. சார்லஸ் பாலத்தில் சூரிய உதயம். ஐந்தே காலுக்கு உதயம், ஏழு மணிக்கு மேல் நடக்க இடமிருக்காது. சனிக்கிழமை நாலரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவர் அசையாமல் கிடந்தார். பயிற்சியில் களைத்திருப்பார், தூங்கட்டும் என்று நானும் மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மணி ஐந்து, ஆறு, ஏழு. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்க தூங்கலையா?"

"நாலு மணிக்கே முழிச்சிட்டேன். பிளைட்ல வந்தவ, அசந்து தூங்கறன்னு நெனச்சு அப்படியே படுத்துட்டிருந்தேன்."

முதலில் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்ததே இரண்டு விடியல், அதில் ஒன்றைக் கண்ணை மூடியபடியே தொலைத்திருந்தோம்.

பத்தரைக்குப் பழைய நகர சதுக்கம் போனோம். அறுநூறு வருடத்துக்கு முந்தைய வானியல் கடிகாரம் அங்கே இருக்கிறது. மணி அடித்ததும் மேலே இரண்டு சன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாக வந்து போகின்றன, ஓர் எலும்புக்கூடு கயிறு இழுக்கிறது. கூட்டம் போனில் படம் எடுத்தது. இவர் வாய் பிளந்து நின்றார். "கரண்ட் இல்லாத காலத்துல பல்சக்கரத்த எப்படி வெட்டியிருப்பான்? அரத்துலயே ராவியிருப்பானா?" "உள்ள ஒவ்வொரு பல்லையும் நான் அளந்து பாத்தா பாதிய ரிஜெக்ட் பண்ணிருவேன்" என்றேன். "ஓடுது பாரு, அதுதான் இன்ஸ்பெக்‌ஷன்" என்று எகிறினார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என மூன்று முறை பார்த்தோம். இடையில் அந்தப் பல்சக்கரத்தை வைத்தே எங்கள் முதல் சண்டை நடந்தது. அவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிறு அதிகாலை தோளில் ஒரு கை. "ஏந்திரி." நான்கு வருடத்தில் அவர் என்னை எழுப்பியது அதுதான் முதல் தடவை.

பாலம் அரை கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் சேர்த்து முப்பது கற்சிலைகள். எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். ஆற்றில் மெல்லிய பனி. முதலில் எதிர்க்குன்றின் மேலிருந்த தேவாலயக் கோபுர உச்சி சிவந்தது, பிறகு கோட்டை, பிறகு ஒவ்வொரு கூரையாக வெளிச்சம் கீழே இறங்கி வந்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததேயில்லை. அரை மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பயமாக இல்லை.

போகிறவர்கள் விசாவுக்கு ஒரு மாதம் முன்பே போடுங்கள். மேடு பள்ளக் கல் தெரு, நல்ல ஷூ முக்கியம். தங்குமிடம் பாலத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருந்தால் போதும். கூட வந்தவர் தூங்கினால் தயங்காமல் எழுப்பிவிடுங்கள்.

ஊர் திரும்பியும் எங்கள் ஷிப்ட் மாறவில்லை. என் கம்பெனி பஸ் காலை 5.25க்கு வரும். 5.10க்கு அவரை உலுக்கி எழுப்புகிறேன். லுங்கியோடு, பாதிக் கண் மூடியபடி பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து வருகிறார். எங்கள் தெருவிலிருந்து அது 350 மீட்டர்.