பாலத்துக்குப் பொறுப்பாளர்

நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். நன்றியும் மாடுகளிடம்தான் அதிகம் என்று ஆல்வின் வோண்ட்ராவுக்கு நடந்ததைப் பார்த்தபின் சொல்கிறேன்.

ஆல்வின் மாவட்டச் சாலைகளின் மேற்பார்வையாளர். நான் அவருக்குக் கீழே கிரேடர் வண்டி ஓட்டினேன். மழையில் கரைந்து போன சரளைச் சாலையை மட்டம் தட்டுவது, அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி மட்டம் தட்டுவது, இதுதான் எங்கள் பிழைப்பு. அவருடைய அப்பாவின் பண்ணையை வங்கி எடுத்துக்கொண்டதால் இந்த வேலைக்கு வந்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். யாரையும் நோகடிக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு வியாதி. சாலையை அடைத்து வேலை செய்யும்போதுகூட, நிற்கிற ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்.

வில்லோ ஓடையின் பழைய பாலம் கனவண்டி தாங்காது என்று மூடப்பட்டது. பள்ளிப் பேருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். புதுப்பாலத்துக்கு வாஷிங்டன் பணம் தரும். ஆனால் அதைக் கையாள இந்த மாவட்டத்துக்குத் தகுதி உண்டு என்று மாநில அரசு சான்று கொடுக்க வேண்டும். அதற்கு முழுநேர ஊழியர் ஒருவர் தலைநகர் லிங்கனுக்குப் போய்ப் படித்து, தேர்வு எழுதி, பொறுப்பாளர் என்று பெயர் கொடுக்க வேண்டும். தப்பு நடந்தால் அவர் தலைதான் உருளும். மாவட்டக் குழுவில் ஒருவரும் முன்வரவில்லை. ஆல்வினுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது, அதனால் அவர் போனார்.

சான்று வந்ததும் காபிக்கடையில் அவருக்குப் 'பொறுப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழுத் தலைவர் டாரல் ஸ்மோலிக் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன பொறுப்பு, என் காபி ஆறிப்போச்சே, அதுக்கும் நீதான் பொறுப்பா?" என்பார். ஆல்வினும் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலத்துக்கு இரு கரையிலும் கொஞ்சம் நிலம் தேவைப்பட்டது. அக்கரை வெளியூர்ப் பன்றிப்பண்ணைக் கம்பெனியுடையது. அவர்களுடைய வக்கீல் ஒவ்வொரு தாளாகக் கேட்டு வாங்கி, விலையும் வாங்கிக்கொண்டார். இக்கரை எமில் கூபிக்கின் மேய்ச்சல் நிலம். எமில் ஆல்வினின் அப்பாவோடு சீட்டாடிய கிழவர். முந்தின குளிர்காலத்தில் அவர் மனைவி ப்ளாஞ்ச், ஊரைச் சுற்றிப்போன ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனாள்.

நிலத்தைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம், உங்களுக்கு இதற்கு விலை பெற உரிமை உண்டு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் வேண்டாம் என்றால்தான் அது தானம். லிங்கனில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆல்வின் எமில் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"பாலத்துக்குத்தானே? எடுத்துக்கப்பா. ப்ளாஞ்ச் போன அன்னிக்கே குடுக்கணும்னு நெனச்சேன்" என்றார் எமில்.

ஆல்வின் பைக்குள் கைவிட்டார். "எமில், இதுல ஒரு கடுதாசி இருக்கு. நீங்க ஒரு தடவ படிச்சுட்டா..."

"உங்கப்பன் எங்கிட்ட காளை வாங்கினப்ப கடுதாசி கேக்கல. என் வார்த்தை பத்தாதா உனக்கு? உள்ள வை."

ஆல்வின் உள்ளே வைத்தார். கைகுலுக்கினார்கள். திரும்பும் வழியில் நான் கேட்டதற்கு, "பொண்டாட்டி நெனப்புல குடுக்கிற மனுஷன்கிட்ட போயி விலை பேசச் சொல்றியா?" என்றார். நல்ல மனிதர்கள் செய்கிற முட்டாள்தனம் அது. வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

வசந்தத்தில், தூண் இறக்க ஆள் வந்த சமயம், மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கோப்புகளைச் சரிபார்க்க வந்தாள். மரியாதையானவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். எமிலின் தாள் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றதும் வேலையை நிறுத்தினாள். விலை உண்டு என்று தெரிந்தே கொடுத்தேன் என எமில் குழுக்கூட்டத்தில் தன் வாயால் சொல்லிவிட்டால் சரிசெய்துகொள்ளலாம், இல்லையென்றால் சான்று போய்விடும், பணமும் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும் என்றாள். முன்கூட்டியே எமிலைப் போய்ப் பாருங்கள் என்று ஆல்வினிடம் கெஞ்சினேன். போய்ச் சொல்லிக்கொடுத்தால் அவரைப் பொய்ச்சாட்சி ஆக்கியதாகிவிடும் என்றார். எமில் எமில்தானே, பார்த்துக்கொள்வார் என்றார்.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. அந்தப் பெண் கோப்பை வாசித்துக்கொண்டே வந்தாள். பன்றிக் கம்பெனிக்கு விலை கொடுத்த இடம் வந்ததும் எமில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு மைலுக்கு நாறுகிற அந்தக் கம்பெனியை அவருக்கு அடியோடு பிடிக்காது. உங்களுக்கும் விலை கிடைக்கும் என்று ஆல்வின் சொன்னாரா என அவள் கேட்டாள்.

எமில் ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் அவரை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிக்காரனுக்குப் பணம், எனக்கு ஒண்ணுமில்லயா?" என்றார் எமில். "இவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன்."

நான் எழுந்து, தாளை உள்ளே வைக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். இது காபிக்கடை இல்லை, உட்கார் என்றார் ஸ்மோலிக். அந்தப் பெண் ஆல்வினிடம் திரும்பினாள். அப்போதாவது அவர் வாயைத் திறந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

"எமில் சொல்றது நெசந்தாங்க. நான் சொல்லல" என்றார்.

அவ்வளவுதான். சான்று போனது, பணம் போனது. அதே கூட்டத்தில் ஆல்வினின் வேலையும் போனது. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. "பொறுப்புன்னு பேரு வெச்சோம், அதையும் தொலைச்சுட்டான்" என்று ஸ்மோலிக் சொல்ல, கூட்டம் சிரித்தது. முன்பு அவரோடு சேர்ந்து சிரித்தவர்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரி ஒருத்தி அவர் எதிரே வந்து, என் பிள்ளை ஆம்புலன்ஸில் செத்தால் உன் வாசலில் கொண்டுவந்து போடுவேன் என்றாள். அவளிடமும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் எமில் காத்திருந்தார். நான் அவரை அடிக்காமல் இருந்தது ஆல்வின் என் தோளைப் பிடித்திருந்ததால்தான்.

"ஏம்ப்பா, எவ்வளவு வந்திருக்கும் எனக்கு?" என்று கேட்டார் எமில்.

ஆல்வின் தொகையைச் சொன்னார்.

எமில் தொப்பியைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இவ்வளவுதானா? அடப்பாவி, இதுக்கு நான் சும்மாவே குடுத்திருப்பேனே."

ஆல்வின் தலையாட்டினார். காற்று பலமாக அடித்தது. கிழவர் ஏறி உட்காரும்வரை ஆல்வின் அவருடைய வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.