தோற்றதற்கு உடைத்த தேங்காய்

கழக்கூட்டம் ஃப்ளாட்டில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ‘இங்கிலாந்து கால்பந்தின் பொற்காலம்’ என்று பழைய இறுதி ஆட்டம் ஒன்று ஓடியது. சேறும் இரைச்சலுமாக இருந்தது. உடனே சின்ன வயதில் கேட்ட கிழக்கேகோட்டை வீட்டு ரேடியோ காதுக்குள் கரகரத்தது. ஆங்கில வர்ணனையை அப்பாதான் எனக்குத் தமிழில் சொல்வார்.

“நம்ம செவப்புச் சட்டை ஜெயிச்சாச்சுடா!”

ஜெயித்தால் மறுநாள் காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் சிதறுகாய் உடைக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கும் உடைத்தேன்.

திரையில் சிவப்புச் சட்டை அணி தோற்றது. அப்பாவுக்கு போன் போட்டேன்.

“ஜெயிச்சதுன்னு சொன்னேளேப்பா?”

“நீ அழுவியேன்னு சொன்னேன். சாரமில்லை, போனாப் போறது, விடு.”

“சாரமில்லையா? தோத்ததுக்கா தேங்காய் உடைச்சேன்?”

அப்பா போனை வைத்துவிட்டார்.

செல்போனில் அடுத்த பழைய ஆட்டம் தானாகவே ஆரம்பித்தது. அவசரமாக அணைத்தேன். அதற்கும் தேங்காய் உடைத்திருக்கிறேன்.