பேரலுக்குள் இருட்டு

என் தங்கைக்குத் துப்பாக்கி வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவள் சுடுதளத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனைக் கையை விட்டு இறக்க மாட்டேன். குளிக்கும்போதுகூட அது குளியலறை ஜன்னலில் இருக்கும். அவள் திரும்பி வந்து ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் சார்ஜில் போடுவேன். அம்மாவுக்கு இந்தப் பயம் கிடையாது. அப்பாவுக்குப் பெருமை மட்டும்தான். வீட்டில் பயப்படுகிற வேலையை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கருவியியல் படித்தவள். ஆலைகளில் இருக்கும் அளவுக் கருவிகளைச் சோதித்து, சரியாகக் காட்டுகிறது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அதனால் தங்கை, துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறி பார்க்கும் புது ஸ்கோப் வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஆயுத பூஜை முடிந்த அந்த வாரம், சனிக்கிழமை. மறுநாள் காலையில் அவளுடைய கிளப்பில் தேர்வுச் சுற்று. அதில் தேறினால் கிளப் அணியில் இடம். அந்த ஒரு காலைக்காக அவள் வருடம் முழுக்க விடியலில் எழுந்திருக்கிறாள்.

சுடுதளத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். புதிதாகப் பொருத்திய ஸ்கோப் ஓரிடத்தைப் பார்க்கும், குண்டு வேறிடத்துக்குப் போகும். முதல் குண்டு காகிதத்தில் எங்குமே படவில்லையென்றால் எந்தப் பக்கம் திருத்துவதென்று தெரியாது. அதனால் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒரு வேலை உண்டு. துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உருவிவிட்டால், குண்டு பாயும் பேரல் வெறும் குழாய்தான். அந்தக் குழாய் வழியாகப் பார்த்து, தூரத்தில் ஒட்டிய ஒரு கறுப்பு வட்டத்தை நடுவில் கொண்டுவர வேண்டும். பிறகு துப்பாக்கி அசையாமல், ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் அதே வட்டத்தில் விழும்படி திருகுகளைத் திருப்ப வேண்டும். தோட்டாவே தேவையில்லை.

நீளம்தான் தேவை. எங்கள் வீட்டில் அது கிடையாது. தெருவில் வைத்துச் செய்தால் யாராவது வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். இரண்டு வீடு தள்ளி அம்மாவின் சினேகிதி ஒருவர், நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுபவர், இருக்கிறார். அவர் வீடு எங்கள் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நின்றால் கதவுக்குப் பின் கதவாக, கடைசிக் கதவுக்கு வெளியே போகிற சைக்கிள் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும்.

"வாங்கத்தா," என்றார் ஆச்சி. "நீளமா என்னத்தத் தூக்கிக்கிட்டு வாரீக? வீணையா?"

"துப்பாக்கி ஆச்சி," என்றாள் தங்கை.

"ஆத்தீ! யாரச் சுடப் போறீக?"

"ஒங்களத்தான். போன தீவாளிக்கு அதிரசம் குடுத்தனுப்பலைல?"

"ஒங்கம்மாதான்டி வேணாம்னா. சின்னவ குண்டாயிட்டான்னு சொன்னா."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் கடைசிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன் உட்பக்கத்தில் கறுப்பு வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டினேன். அதற்கு முன்னால் இருந்த திறந்த வளவில் மதிய வெளிச்சம் நன்றாக விழுந்தது. தோட்டாக்கள் எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டியிருந்தன. போல்ட்டை நானே உருவி என் குர்தா பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முகப்பில் ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு அரிசிப் பைகள், பைகளின்மேல் ஸ்கோப் பொருத்திய துப்பாக்கி. வேலை முடியும்வரை நடுவில் யாரும் குறுக்கே போக வேண்டாம் என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டேன்.

"போல்ட்டே இல்லாம எப்படிக்கா வெடிக்கும்?" என்றாள் தங்கை.

"வெடிக்காது. இருந்தாலும் போகக்கூடாது."

குனிந்து, பேரலின் பின்துவாரத்தில் கண்ணை வைத்தேன். இருட்டு.

ஆச்சி நடுக்கதவு எதையோ சாத்திவிட்டார் என்று நினைத்து நிமிர்ந்தேன். எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. கோடியில் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடி குனிந்தேன். இருட்டுதான். ஸ்கோப்பில் பார்த்தேன். கறுப்பு வட்டம், அதைச் சுற்றிய காகிதம், கதவின் பித்தளைக் குமிழ் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மூன்றாவது முறை பேரலில் பார்த்தேன். அதே இருட்டு.

பயம் வந்தால் எனக்குப் பட்டியல் போடத் தோன்றும். பேரல் இருட்டாக இருக்க என்னென்ன காரணங்கள்? தோட்டா உள்ளேயே இருக்கலாம். டார்ச் அடித்தேன். தோட்டா உட்காரும் இடம் காலி. குளவி கூடு கட்டியிருக்கலாம். அல்லது, போன முறை சுட்டபோது மருந்து சரியாக எரியாமல் குண்டு நடுவழியில் நின்றிருக்கலாம். அப்படி நின்ற குண்டுக்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும்.

"கடைசியா நீ சுட்டப்ப ஏதாச்சும் சத்தம் வேற மாதிரி வந்துச்சா?"

"இல்லையே."

"நல்லா யோசி. புஸ்ஸுன்னு எதுவும்?"

"காதுல மஃப் போட்டிருந்தேன்க்கா." அவள் முகத்தில் சிரிப்பு அணைந்துவிட்டது. "ஏன், என்ன?"

அவள் சுடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குப்புறப் படுத்து, வலது கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் அழுத்திக்கொள்வாள். அந்தக் கன்னத்துக்கும் பேரலின் அடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. கண் அதற்கும் பக்கம்.

துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து மெதுவாக உள்ளே விட்டேன். போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கம்பியில் நகத்தால் அடையாளம் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, பேரலின்மேல் வைத்து அளந்தேன். அடைப்பு நுனியிலேயே இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கிக்கு முன்னால் போக வேண்டும்.

போல்ட் என் பாக்கெட்டில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தோட்டா இல்லையென்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகக் கால் எழவில்லை. சுவரை ஒட்டி நடந்து, பக்கவாட்டில் குந்தி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். விளிம்புக்குச் சற்று உள்ளே மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

குங்குமம். அதைச் சுற்றியிருந்தது சந்தனம்.

ஆயுத பூஜையன்று அம்மா கிரைண்டர், அப்பாவின் மோட்டார் ஸ்டார்ட்டர், ஸ்கூட்டர், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். துப்பாக்கிக்கு எது நெற்றி என்று பார்த்து, நுனியில் வைத்திருக்கிறாள். குழைத்த சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் தங்கை ஈரத்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். உள்ளே போனது உள்ளேயே காய்ந்துவிட்டது.

கம்பியால் குத்தித் தள்ளினேன். ஒரு துண்டு சாக்பீஸ் போலக் கல்தரையில் விழுந்து தெறித்தது. ஆச்சி அதை எடுத்துப் பார்த்தார்.

"ஒங்கம்மாவுக்கு எதுலயும் கை தாராளம்," என்றார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து, "இதால என்னத்தா ஆகியிருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம் ஆச்சி. நுனி வீங்கியிருக்கலாம். பிளந்தும் இருக்கலாம்."

ஆச்சி தங்கையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுத் துடைத்தேன். கடைசித் துண்டு வெள்ளையாக வெளியே வந்தது. கம்பி எங்கும் தட்டாமல் ஒரே சீராகப் போனது. பின்னாலிருந்து பார்த்தேன். பேரல் கண்ணாடிபோலப் பளபளத்தது, அதன் நடுவில் கறுப்பு வட்டம். ஸ்கோப்பைத் திருத்தும் வேலையும் முடிந்தது.

"நாளைக்கு இதுல சுடலாமா?" என்றாள் தங்கை. "நீ வேணாம்னு சொன்னா சுடல. கோவிச்சுக்க மாட்டேன். சொல்லு."

அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அடைப்போடு அந்தத் துப்பாக்கியால் யாரும் சுடவில்லை, ஆகவே பேரல் கெட்டிருக்க வழியில்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் காலையில் கேட்டிருந்தால் பேரல் சுத்தமாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பேன். ஆலையில் நான் போடுகிற கையெழுத்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் இருக்கிறது. இங்கே அவள் கண் இருந்தது.

"பயிற்சியாளரும் ஒரு தடவ பாக்கட்டும். அவர் சரின்னா சுடு," என்றேன்.

"அவரு கேலி பண்ணுவாரு."

"பண்ணட்டும்."

வீட்டுக்குப் போனதும் அவளே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏண்டி, சாமி கும்புட்டது ஒரு குத்தமா? கிரைண்டருக்கு வச்சேன், வெடிச்சிருச்சா? இவ கம்ப்யூட்டருக்கு வச்சேன், வெடிச்சிருச்சா?"

"கம்ப்யூட்டர்ல யாரும் மூஞ்சிய வச்சுச் சுடலம்மா," என்றேன். கன்னம் எங்கே படும், கண் எங்கே இருக்கும் என்று என் கையாலேயே காட்டினேன். அம்மா கரண்டியோடு அங்கேயே நின்றாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனாள். அன்று சாப்பிடும்போது அவள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பயத்தைப் பங்குபோட ஆள் கிடைத்ததில் எனக்கு எந்த நிம்மதியும் வரவில்லை.

சுடுதளம் ஒக்கூரைத் தாண்டி, பின்னால் மண்மேடு எழுப்பிய ஒரு பொட்டல். அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். பயிற்சியாளரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"சந்தனமா?" என்றார். "ஒருத்தரு எலுமிச்சம்பழத்தச் சொருகிக் கொண்டாந்தாரு. அது வெளிய தெரிஞ்சிச்சு. இது தெரியாது, அதான் மோசம்." அவர் கேலி செய்யவில்லை. போல்ட்டை உருவி, வானத்தைப் பார்த்துப் பிடித்து, பேரலுக்குள் நெடுநேரம் பார்த்தார். தன் கம்பியை விட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு. போய்ப் படும்மா," என்றார்.

தங்கை பாயில் படுத்தாள். பின்னால் நிற்கத்தான் எனக்கு அனுமதி. அவளுடைய ஷூக்களும் பின்னலும் மட்டும் தெரிந்தன. கன்னத்தை அவள் கட்டையில் சாய்த்தது தோள் அசைவில் தெரிந்தது. நிறுத்து என்று கத்தலாமா என்று நினைத்தேன். என்ன காரணம் சொல்வது? அவள் மூச்சை விட்டு நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன்.

சத்தம் வந்தது. ஷூக்கள் அசையவில்லை.

ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு பயிற்சியாளர் தொலைநோக்கியில் குனிந்து, "காயிதத்துலதான் இருக்கு. எடது பக்கம், கீழ," என்றார்.

தங்கை போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையை ஊன்றி என் பக்கம் திரும்பினாள். இரண்டு கண்களும் இருந்தன. இரண்டிலும் என்மேல் எரிச்சல்.

"கீழ எடது பக்கமாம்," என்றாள். "என்னக்கா ஒன் கணக்கு?"

"வலது பக்கம் திருப்பு. கொஞ்சம் மேல," என்றேன். அவள் திருகைத் திருப்பிவிட்டு மறுபடி கன்னத்தைச் சாய்த்தாள். நான் மறுபடி மூச்சை நிறுத்தினேன்.