மலைக்கு முதுகு காட்டிய கூம்பு

அடி அண்ணாமலையில் நான் திருப்பி வைத்த கூம்பு ஒலிபெருக்கி இன்றைக்கும் மலைக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அடுத்தவர் தூக்கிப் போட்ட ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றேன், சொந்தமாக மைக் செட் வாங்கினேன், செங்கம் ரோட்டில் கடை கட்டினேன். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் என் பெட்டி பாடாத கல்யாணம் கிடையாது. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது அந்தக் கூம்பு ஒன்றுதான்.

தொடக்கத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எங்கள் மைக் செட்தான். மலையே சாமி என்பதால் கூம்புகளை மலையைப் பார்த்துத்தான் கட்டுவார். ஒரு பௌர்ணமியில் குழந்தையைத் தொலைத்த தாய் ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். அடையாளம் சொல்லி அறிவித்தோம். சொன்ன சொல் பாறையில் முட்டித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுந்தது, ஒருவருக்கும் விளங்கவில்லை. அண்ணா சத்தத்தை ஜாஸ்தி பண்ணினார். எதிரொலியும் ஜாஸ்தியானது. நான் கம்பத்தில் ஏறிவிட்டேன்.

"சாமிக்கு முதுகு காட்டுவியாடா?" என்று கீழிருந்து கத்தினார்.

"சாமிக்குக் கேட்டுட்டுதாண்ணா இருக்குது. ஜனத்துக்குத்தான் கேக்கல."

திருப்பினேன். அறிவிப்பு முடிவதற்குள் சுக்குக் காப்பிக் கடைக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்காக விழாக் குழு பாராட்டு விழா வைத்தபோது, கூம்பைத் திருப்பியது தன் யோசனை என்று சொல்லி அண்ணா சால்வையை வாங்கிக்கொண்டார். கல் மண்டபம். அங்கே எழுந்த சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு கிடக்கும், சட்டென்று அடங்காது. அதில் போய் ஒலிப்பெட்டிக்கு நேர் முன்னால் நின்று மைக்கைப் பிடித்தார். பெட்டி சொல்வதை மைக் கேட்கும், மைக் கேட்டதைப் பெட்டி இன்னும் பெரிதாகச் சொல்லும், அதை மைக் மறுபடி கேட்கும். தன் பேச்சைத் தானே கேட்டுக் கேட்டு ஊதிப் போவதுதான் மைக் செட்டின் ஊளை. அண்ணாவும் அந்த ரகம்தான். அவர் வாயைத் திறந்ததும் மண்டபம் ஊளையிட்டது. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஊளை கூடியது. முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தார்.

"டேய், வந்து என்னான்னு பாரேன்டா."

"உங்களுக்குத் தெரியாததாண்ணா?" என்றேன்.

பெட்டிக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தால் அடங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. ஜனம் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதைக் கடைசி ஆள் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கடலையின் ருசி பிறகு எந்த விருந்திலும் கிடைக்கவில்லை.

அண்ணா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் பௌர்ணமிதோறும் விழாக் குழு அவர் பெயருக்குத்தான் நன்றி சொல்கிறது. நான் திருப்பிய அதே கூம்பில் சொல்வதால், ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் என் காதில் விழுகிறது. விழாக் குழுவினரே, வரும் பௌர்ணமிக்கு அந்தப் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள். சாமிக்கு ஏற்கெனவே தெரியும். ஜனத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.