யாளியின் வாய்க்குள் உருண்ட கல்

ஓசூரில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் நேற்று வௌவால் எச்சத்தின் வாடை முகத்தில் அடித்ததும், அணை கட்டியபோது நீரில் மூழ்கிப்போன எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்குள் மறுபடி நின்றேன். அங்கே பகலிலும் இருட்டுதான். தூண்களில் பின்னங்கால் ஊன்றி எழுந்த யாளிகளும் முகம் தேய்ந்த பெண்களும், வெயில் நகர நகர, எங்கள் பக்கம் திரும்புவதுபோல் இருக்கும். வாசல் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலால் தள்ளினால் கடகடவென உருளும், வெளியே மட்டும் வராது.

சாமியை வண்டியில் ஏற்றி அனுப்பி, ஊரைக் காலிசெய்த அன்று, கடைசியாக ஒருமுறை உருட்டிப் பார்க்கக் கையை விட்ட அக்காவின் மணிக்கட்டு யாளியின் பற்களுக்கிடையே சிக்கிக்கொண்டது.

“அம்மா, உள்ள யாரோ புடிச்சிக்கினு இருக்காங்க!” என்று அலறினாள்.

“கல்லு எங்கடி புடிக்கும்? கைய தளத்து,” என்று ஓடிவந்தாள் அம்மா. விளக்கில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றி, தோல் உரிய உரியக் கையை மீட்டாள்.

மூவரும் படியிறங்கும்போது, ஆளில்லாத மண்டபத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது.

“திரும்பிப் பாக்காதீங்க,” என்று எங்கள் தலைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள் அம்மா.

ஆனால் அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். என்ன கண்டாய் என்று பிறகு கேட்டபோதெல்லாம், எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள்.