புல்லுக்கு ஒன்று, பிளாஸ்டிக் புல்லுக்கு ஒன்று

ஓடுகிற பிள்ளையின் கால் நிலத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. துபாயில் அவள் படிக்கும் பள்ளியின் லாக்ரோஸ் அணியில் சேர்ந்திருக்கிறாள். முனையில் வலை கட்டிய கோலில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் நான் வலைப்பந்து ஆடியது சாதாரண கன்வஸ் சப்பாத்தோடு. இவளுக்கு அடியில் ஸ்டட், அதாவது நிலத்தைப் பிடிக்கிற குமிழ்கள், வைத்த சப்பாத்து வேண்டும், இரும்பு ஸ்டட் மட்டும் கூடாது என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது. அதில் இத்தனை வகை இருப்பது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் கீழக்கரைப் பக்கத்தவர். "லாக்ரோஸா? ஹாக்கி மாதிரியா மேடம்?"

"இல்லை அண்ணா, இது கோலில வலை இருக்கும்."

"வலையா? புள்ள மீன் புடிக்கவா போவுது?" என்று சிரித்துவிட்டு, கால்பந்துச் சப்பாத்துகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

கணவருக்கு புஜைரா துறைமுகத்தில் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். கடையிலிருந்தே அவருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஒரு சப்பாத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ? உமக்கு டொக்டர் பட்டம் தருவினம்."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளை விழுந்தா?"

"விழுந்தா எழும்புவாள்."

வழுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று எண்ணி, இருந்ததிலேயே நீளமான ஸ்டட் வைத்ததை எடுத்தேன். பள்ளி மைதானமோ பிளாஸ்டிக் புல். முதல் வாரமே, பந்தோடு திரும்பும்போது சப்பாத்து அங்கேயே பிடித்துக்கொண்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். இந்தத் தரைக்கு, அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகள் நிறைய உள்ள சப்பாத்துத்தான் நல்லது என்றார் கோச். அதையும் வாங்கினேன்.

கால் ஆறியதும் வேறொரு பள்ளியில் ஆட்டம். அங்கே உண்மையான புல். கொஞ்சம் முன்புதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். புதுச் சப்பாத்து வழுக்கி, எல்லோர் முன்னாலும் குந்திவிட்டாள். நான் எழுந்து ஓடினேன்.

"அம்மா, ஸ்டாப் இட்! எல்லாரும் பார்க்கினம்."

இப்போது இரண்டு சோடியையும் கொண்டுதான் போகிறோம். எந்த மைதானம் என்று முதலே கேட்டு, அதற்கேற்றதைப் போட்டுவிடுகிறேன். ஆனால் அவள் பழையபடி ஓடுவதில்லை. திரும்புவதற்கு முன் ஒரு கணம் நின்று காலைப் பார்க்கிறாள். அதற்குள் பந்து போய்விடுகிறது. விழுந்ததால் வந்த பயமா, ஒவ்வொரு முறையும் லேஸைக் கட்டிவிட்டு "கவனம், கவனம்" என்று நான் சொல்வதால் வந்ததா? வேலை முடிந்து வந்து மைதான ஓரத்தில் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கும்போது, இதையெல்லாம் யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை காரில் வரும்போது சொன்னாள்: "அம்மா, நான் இனி கோல் கீப்பரா நிக்கிறன். அங்க ஓடத் தேவையில்லை."

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அந்த நிம்மதியே பயமாக மாறிவிட்டது. அணியிலேயே வேகமாக ஓடக்கூடியவள் என்று கோச் சொல்லித்தான் அவளைச் சேர்த்தார். கோச்சுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "இடத்தை மாத்தலாம், ஆனா நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்கோ என்கிறா கோச்" என்று கணவரிடம் சொன்னேன். "பிள்ளைக்குப் பிடிச்சதைச் செய்யட்டுமே" என்றார். அவளுக்குப் பிடித்தது அதுதானா என்பதுதான் என் சந்தேகம்.

இதை வாசிப்பவர்களில் லாக்ரோஸோ கால்பந்தோ ஆடும் பிள்ளைகள் உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டு தரைக்கும் பொதுவாக, கட்டையான ரப்பர் ஸ்டட் வைத்த ஒரே சோடி போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? ஒரே சப்பாத்தில் பழகினால் பயம் போகுமா? அல்லது அவள் கேட்டபடியே கோல் கீப்பராக நிற்க விடுவதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கோச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும்.