கவ்வாத்துக் கத்தியில் லேசர்

என் அண்ணன் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிறார். முற்றிய தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் குறைக்கும் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் காபன் உருக்கின் மேற்பரப்பை லேசரால் கடினமாக்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். லீவுக்கு வந்திருந்தபோது கத்தியைத் தீட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்:

“அப்ப இதையும் ஒன் மெசின்ல வச்சா என்னவாம்?”

கத்தியைக் கொண்டுபோய்க் கேட்டபோது என் பேராசிரியை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தடித்த உருக்குத் துண்டுகளுக்கு வைக்கும் அதே வலுவில் லேசரை ஓட்டினேன். கத்தியின் மெல்லிய விளிம்பு உருகிச் சுருண்டுவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அன்றே போன் எடுத்தேன்.

“அண்ணே, கத்தி போச்சு.”

“போனா போகட்டும் புள்ள. இன்னொண்ணு இருக்கு, பஸ்ஸுல அனுப்பவா?”

இந்த முறை அவசரப்படவில்லை. அதே தடிப்பில் கழிவுத் துண்டுகளை வெட்டி முதலில் பழகினேன். பளபளக்கும் உருக்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கத்தியின் ஒரு பக்கத்தில் கறுப்பு மை பூசினேன். சூட்டை வாங்கிக்கொள்ள அடியில் செப்புக் கட்டியை வைத்து இறுக்கினேன். வலுவைக் குறைத்து, வேகத்தைக் கூட்டினேன். ஒளி பட்ட இடம் ஒரு கணம் சிவந்தது. அது நகர்ந்ததும் சுற்றியிருந்த குளிர்ந்த உலோகமே சூட்டை இழுத்துக்கொள்ள, அந்த இடம் இறுகியது. தண்ணீரில் முக்க வேண்டியிருக்கவில்லை.

கத்தியை நானே ரயிலில் கொண்டுபோனேன். மறுநாள் அண்ணனோடு மலைக்கு ஏறினேன். கூட வேலை செய்த மற்றவர்கள் கத்தி தீட்ட அடிக்கடி உட்கார்ந்து எழும்பினார்கள். மதியம்வரை அண்ணன் தீட்டுக் கல்லைத் தொடவில்லை. லேசர் பட்டுக் கடினமான பக்கம் நிலைத்து நிற்க, மற்றப் பக்கம் மெல்லத் தேய்ந்ததில் கூர் தானாகவே நின்றது.

“என் தங்கச்சி லேசரு அடிச்சது” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

“கண்ணு ஆபரேசனுக்கு அடிப்பாங்களே, அதுவா?” என்று ஒருவர் கேட்டார்.

“அதேதான். கத்திக்குக் கண்ணத் தெறந்து வச்சிருக்கா!”

ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட பிறகு எனக்கும் வெட்ட ஒரு செடி கொடுத்தார். நான் அதை வெட்டி முடிப்பதற்குள் அவர்கள் ஒரு நிரையையே முடித்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.